என்எஸ்1, என்எஸ்2 இரண்டும் ஒரே மெஷினில் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

கரூர்_ஹோஸ்ட் | 12 ஜூன் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் சின்னதாக ஹோஸ்டிங் தொழில் செய்கிறேன். மொத்தம் 140 டொமைன். பாதிக்கு மேல் வீட்டு ஜவுளி ஏற்றுமதி கம்பெனிகள், மீதி பஸ் பாடி கட்டுகிறவர்கள், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம். மும்பையில் ஒரு விபிஎஸ் (வாடகை வெர்ச்சுவல் சர்வர்) எடுத்திருக்கிறேன். அதில் சைட்களுக்கு வெர்ச்சுவல்மின் பேனல், டிஎன்எஸ்ஸுக்கு (டொமைன் பெயரை ஐபியாக மாற்றும் ஏற்பாடு) பைண்ட் மென்பொருள்.

என்னுடைய டாட் காம் டொமைனின் பெயரில் என்எஸ்1, என்எஸ்2 என்று இரண்டு நேம்சர்வர் (டொமைன் பற்றிய டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்) வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டும் அதே விபிஎஸ்தான். தொழில் ஆரம்பித்தபோது டொமைன் பதிவாளரின் பேனல் இரண்டு ஐபி கேட்டது, மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி இன்னொரு ஐபி வாங்கிப் போட்டேன். அதோடு அதை மறந்தும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அந்த விபிஎஸ் கம்பெனியில் ஸ்டோரேஜ் பிரச்சினை. மூன்றரை மணி வரை மெஷின் எழவில்லை. சைட் எல்லாம் போகும் என்று தெரியும். நான் எதிர்பார்க்காதது, மெயிலும் நின்றது. என் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மெயிலைக் கூகுளில் வைத்திருக்கிறார். போனில் அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "மெயிலுக்கு நான் உனக்குக் காசே கொடுக்கிறதில்லையே தம்பி, அது ஏன் நிக்குது?" ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கன்ஃபர்மேஷன் வரவேண்டிய நாள் அது. பதில் சொல்லத் தெரியவில்லை.

கேள்விகள்:

இரண்டாவது சர்வருக்குத் தனி விபிஎஸ் வாங்கினால் எவ்வளவு பெரியது வேண்டும்? எந்த ஊரில்? புது வாடிக்கையாளர் சேரும்போதெல்லாம் அங்கேயும் போய்க் கையால் சேர்க்க வேண்டுமா? 140 பேரிடமும் நேம்சர்வர் மாற்றச் சொல்ல வேண்டியிருக்குமா? அதுதான் பெரிய பயம். பாதிப் பேருக்குத் தங்கள் டொமைன் லாகின் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. பழைய வெப் டிசைனர் வாங்கிக் கொடுத்தது, அவர் இப்போது துபாயில் இருக்கிறார், இந்த மாதிரி.

---

வலைக்காரன் | 12 ஜூன், இரவு 10.05

ப்ரோ, எதற்கு இந்தத் தலைவலி. எல்லாவற்றையும் கிளவுட்ஃபிளேர் இலவச பிளானில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். இல்லையா, ஹரிகேன் எலக்ட்ரிக் இலவசமாகவே செகண்டரி (இரண்டாவது நேம்சர்வர்) தருகிறார்கள், ஆனால் 50 டொமைன் வரைதான்.

அது போக ஒரு சந்தேகம். சைட் எல்லாம் அதே மெஷினில்தானே இருக்கிறது? மெஷின் படுத்தால் டிஎன்எஸ் மட்டும் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்?

---

கரூர்_ஹோஸ்ட் | 12 ஜூன், இரவு 10.20

கிளவுட்ஃபிளேர் என்றால் ஒவ்வொரு டொமைனிலும் நேம்சர்வர் மாற்ற வேண்டும். அதைத்தான் செய்ய முடியாது என்கிறேன் ப்ரோ. துபாய்க்காரரை எங்கே போய்ப் பிடிப்பது?

---

போர்ட்53 | 12 ஜூன், இரவு 11.50

தம்பி, யாரிடமும் எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம். வாடிக்கையாளர் டொமைன்களில் இருப்பது என்எஸ்1, என்எஸ்2 என்ற பெயர்கள் மட்டும்தான். அந்தப் பெயர் எந்த ஐபி என்பது உங்கள் ஒரே ஒரு டொமைனில் இருக்கிறது. அங்கே என்எஸ்2-இன் ஐபியை மாற்றினால் 140 டொமைனும் சேர்ந்தே நகரும். சொந்தப் பெயரில் நேம்சர்வர் வைத்ததற்கு இதுதான் லாபம். தெரியாமல் செய்திருந்தாலும் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

முதலில் வலைக்காரன் கேட்டதற்குப் பதில். டிஎன்எஸ் உயிரோடு இருந்தால் வேறு இடத்தில் இருக்கும் மெயில் நிற்காது. ஜெர்மனிக்காரரின் மெயில் சர்வர் "இந்த டொமைனுக்கு மெயில் எங்கே கொடுக்க வேண்டும்" என்று எம்எக்ஸ் ரெக்கார்டைக் கேட்கிறது. பதில் சொல்ல ஆளே இல்லை. கூகுள் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் அங்கே போக வழி தெரியவில்லை. அந்த மெயில்கள் தொலைந்திருக்காது தம்பி. அனுப்பும் சர்வர் அதைத் தற்காலிகத் தவறு என்று எடுத்துக்கொண்டு வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயற்சி செய்யும், வழக்கமாக நான்கைந்து நாள் வரைக்கும். இதை அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் கோபம் தணியும்.

இன்னொரு லாபமும் உண்டு. முதல் மெஷின் மொத்தமாகப் போய்விட்டால், இரண்டாவதில் இருக்கும் ஜோன்களை (ஒவ்வொரு டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பு) பிரைமரியாக, அதாவது மூலப் பிரதியாக மாற்றி, பேக்கப் ஏற்றிய புது மெஷினின் ஐபியை அதில் போட்டுவிடலாம். 140 பேரின் ரெக்கார்டையும் நினைவிலிருந்து எழுத வேண்டியதில்லை.

இப்போது என் கதை. நீளம்தான், ஆனால் செட்டப்பை விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

2011-இல் நானும் இன்னொருவரும் திருச்சியில் இதே தொழில் செய்தோம், சுமார் 200 டொமைன். எங்களுக்கு என்எஸ்2 ஒழுங்காகத் தனியாகவே இருந்தது, தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப். ஒரு நாள் அந்த அலுவலகத்தில் புது ஃபயர்வால் வைத்தார்கள். டிஎன்எஸ் என்றால் யுடிபி 53 (53-ஆம் போர்ட், சின்னக் கேள்வி பதிலுக்கான வழி) என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யுடிபியைத் திறந்துவிட்டு, பெரிய தகவலுக்கான வழியான டிசிபி 53-ஐ மூடிவிட்டார்கள்.

இதில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பிரைமரியில் ஜோன் மாறியதும் "மாறிவிட்டது" என்று நோட்டிஃபை போகும், அது யுடிபி, போய்ச் சேர்ந்தது. செகண்டரி எஸ்ஓஏ ரெக்கார்டை (ஜோனின் தலைப்பு விவரம்) கேட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூட்டப்படும் சீரியல் நம்பரை ஒப்பிடும், அதுவும் யுடிபி, அதுவும் நடந்தது. சீரியல் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் முழு ஜோனையும் இழுக்க ஏஎக்ஸ்எஃப்ஆர் போடும். அது டிசிபி. அங்கே நின்றுவிட்டது.

அதனால் மாற்றமே செய்யாத டொமைன்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. கை வைத்த டொமைன்கள் மட்டும் என்எஸ்2-இல் பழைய ஐபியைச் சொல்லிக்கொண்டிருந்தன. சைட்டைப் புது சர்வருக்கு மாற்றுவோம், சிலருக்குப் புதுசு தெரியும், சிலருக்குப் பழசு. நாங்கள் என்ன சொன்னோம்? இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் அந்தப் பதில்தான்: "ப்ராபகேஷன் சார், 48 மணி நேரம் ஆகும்." (மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவுவதைத்தான் ப்ராபகேஷன் என்பார்கள்.)

எக்ஸ்பையர் 604800 விநாடி வைத்திருந்தோம், அதாவது ஒரு வாரம். ஒரு வாரமாக ஜோனைப் புதுப்பிக்க முடியாவிட்டால் செகண்டரி அந்த டொமைனுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு சர்வ்ஃபெயில் என்ற தவறுச் செய்தி கொடுக்கும். சர்வ்ஃபெயில் வந்தால் கேட்கிறவர் அடுத்த சர்வரிடம் போவார், அதாவது என்எஸ்1-இடம். அங்கே சரியான பதில் கிடைத்துவிடும். ஆக, என்எஸ்2 செத்த பிறகு புகார் நின்றுபோனது! "பார்த்தீர்களா, ப்ராபகேட் ஆகிவிட்டது" என்று நாங்களே நம்பினோம்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. அதற்குள் பாதி டொமைனுக்கு மேல் ஏதோ ஒரு மாற்றம் செய்திருந்தோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை என்எஸ்1-இன் ஹார்ட் டிஸ்க் போனது. என்எஸ்2 இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். மீதியைச் சொல்ல வேண்டாம்.

பலர் என்எஸ்2-ஐ ஸ்டெப்னி மாதிரி நினைக்கிறார்கள், முதலாவது பஞ்சர் ஆனால்தான் வேலை என்று. ரிசால்வருக்கு (பயனருக்காக டிஎன்எஸ் கேட்டுத் தரும் சர்வர்) எது பிரைமரி எது செகண்டரி என்பதே தெரியாது. இரண்டிடமும் கேட்கும், எது சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதை அதிகம் நாடும். தினமும் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பங்குக்கு என்எஸ்2தான் பதில் சொல்லப்போகிறது. அதனால் "சும்மா பேருக்கு ஒன்று" என்று வைக்காதீர்கள்.

சரி, செட்டப்.

140 ஜோனுக்கு 1 ஜிபி மெமரி தாராளம், 512 எம்பியே போதும். கம்பெனி வேறாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர் அதற்கு அடுத்தது. மும்பைக்கு ஜோடியாகச் சென்னையோ பெங்களூரோ சிங்கப்பூரோ, எது மலிவோ அது.

இரண்டுக்கும் நடுவில் டிசிக் கீ (இரு சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியச் சாவி) போடுங்கள். டிசிக்-கீஜென் என்ற கட்டளையே கீயை எழுதிக் கொடுத்துவிடும், ஹெச்மேக் எஸ்எச்ஏ256. பிரைமரியில் ஆலோ-டிரான்ஸ்ஃபர் வரியில் அந்தக் கீ மட்டும். இல்லாவிட்டால் ஊரில் யார் வேண்டுமானாலும் உங்கள் 140 ஜோனையும் மொத்தமாக இறக்கிக்கொண்டு போகலாம். செகண்டரியில் ரிகர்ஷன் (கேட்பவருக்காக வெளியே போய்த் தேடிச் சொல்வது) நோ. பிரைமரியில் அந்த மெஷினே உள்ளூரில் கேட்டுக்கொள்வதற்கு மட்டும் ரிகர்ஷன் விடுங்கள். உலகத்துக்கே திறந்து வைத்தால் யாரோ யாரையோ தாக்க உங்கள் சர்வரைப் பயன்படுத்துவார்கள்.

புது டொமைன் சேர்ப்பதற்கு: வெர்ச்சுவல்மின் இருந்தால் வெப்மினும் இருக்கும். இரண்டாவது மெஷினிலும் வெப்மின் போட்டு, பைண்ட் பக்கத்தில் கிளஸ்டர் செகண்டரி சர்வர் என்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள். இங்கே ஜோன் உருவாக்கினால் அங்கேயும் தானாக உருவாகும். வெப்மின் போர்ட்டை உங்கள் ஐபிகளைத் தவிர வேறு யாருக்கும் திறக்காதீர்கள். பைண்டிலேயே கேட்டலாக் ஜோன் என்று ஒன்று உண்டு, 9.11 முதல் இருக்கிறது, அழகான ஏற்பாடு. ஆனால் பேனல் வைத்திருப்பவருக்கு வெப்மின் வழிதான் சுலபம்.

வரிசை முக்கியம். முதலில் செகண்டரியை முழுதாகத் தயார் செய்து, டிக் (டிஎன்எஸ் கேட்டுப் பார்க்கும் கட்டளை) வைத்து அதனிடமே நேராக நாலைந்து டொமைன் கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் உங்கள் சொந்த ஜோனில் என்எஸ்2-இன் ஏ ரெக்கார்டை (பெயருக்கான ஐபி) மாற்றுங்கள். கடைசியாகப் பதிவாளர் பேனலில் சைல்டு நேம்சர்வர் (உங்கள் நேம்சர்வர்களின் ஐபியைப் பதியும் இடம்) பகுதிக்குப் போய் அதே ஐபியைப் போடுங்கள். இரண்டு இடத்தில் ஒன்றை மறந்தவர்கள் ஏராளம். பழைய இரண்டாவது ஐபியை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டாட் காம் சர்வர்கள் அந்த விவரத்தை 172800 விநாடி, அதாவது இரண்டு நாள் டிடிஎல்லுடன் (வாங்கியவர் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கால அளவு) தருகின்றன. ஒரு வாரம் வைத்திருந்து விடுங்கள்.

எக்ஸ்பையரை 1209600 விநாடிக்குக் கீழே குறைக்காதீர்கள். இரண்டு வாரம்.

---

சாங்கி_இரவுப்பணி | 13 ஜூன், அதிகாலை 2.15

மேலே உள்ளதற்கு என் ஓட்டு. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். "சின்ன ஆட்கள்தான் இப்படித் தப்புச் செய்வார்கள்" என்று கரூர் நண்பர் வருத்தப்பட வேண்டாம். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் டிஎன்எஸ் சர்வர்கள் எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ரூட்டரில் ஒரு தவறான மாற்றம், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அவர்கள் தளங்கள் கிடைக்கவில்லை. செகண்டரிகளை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நெட்வொர்க்கில் வையுங்கள் என்று சொல்லும் ஆர்எஃப்சி 2182 (இணைய நடைமுறை ஆவணம்) வெளிவந்தது 1997-இல். மூன்றரை வருடம் முன்பே எழுதி வைத்த விஷயம்.

---

கரூர்_ஹோஸ்ட் | 15 ஜூன், மாலை 6.30

போர்ட்53 அண்ணா, ரொம்ப நன்றி. சென்னையில் வேறு கம்பெனியில் ஒரு சின்ன விபிஎஸ் எடுத்தேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஜோன் எதுவும் இறங்கவில்லை. லாகில் டிசிக் வெரிஃபை ஃபெயிலியர், பேட்டைம் என்று வருகிறது. கீயை மூன்று முறை காப்பி செய்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே கீதான்.

---

சாங்கி_இரவுப்பணி | 15 ஜூன், மாலை 6.50

கீயில் தப்பு இல்லை, கடிகாரத்தில் தப்பு. டிசிக் கையெழுத்தில் நேரமும் சேர்ந்து இருக்கும். இரண்டு மெஷினுக்கும் 300 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்காது. இரண்டிலும் டேட் அடித்துப் பாருங்கள், நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி மென்பொருளைப் போடுங்கள்.

---

கரூர்_ஹோஸ்ட் | 15 ஜூன், இரவு 7.25

அடப்பாவமே. மும்பை மெஷின் 11 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. எத்தனை மாதமாகவோ தெரியவில்லை. குரோனி போட்டதும் 140-ம் இறங்கிவிட்டது.

ஆனால் செகண்டரியில் ஒரு ஜோன் ஃபைலைத் திறந்தால் குப்பை குப்பையாகத் தெரிகிறதே அண்ணா, கெட்டுப்போய்விட்டதா?

---

போர்ட்53 | 15 ஜூன், இரவு 8.10

கெடவில்லை. பைண்ட் 9.9-லிருந்து செகண்டரியில் ரா (பைனரி) வடிவத்தில்தான் சேமிக்கும். படிக்க வேண்டும் என்றால் நேம்டு-கம்பைல்ஜோன் வைத்து டெக்ஸ்டாக மாற்றிக்கொள்ளலாம். முதல் மெஷின் போய், இதைப் பிரைமரியாக மாற்றும் நாளில் அந்தக் கட்டளை தேவைப்படும், எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அண்ணா இல்லை. அக்கா.

---

கரூர்_ஹோஸ்ட் | 15 ஜூன், இரவு 8.12

மன்னிக்கணும் அக்கா!!

---

கரூர்_ஹோஸ்ட் | 19 ஜூன், காலை 10.40

அக்கா, மறுபடி நான்தான். பள்ளிக்கூட டொமைன் ஒன்று மட்டும் மக்கர் பண்ணுகிறது. நேற்று அவர்கள் சைட்டை வேறு ஐபிக்கு மாற்ற, அவசரத்தில் ஜோன் ஃபைலைக் கையாலேயே திருத்தினேன். இன்று காலை பார்த்தால் என்எஸ்1 புது ஐபி சொல்கிறது, என்எஸ்2 பாதியில் போட்ட தப்பான ஐபியையே சொல்கிறது. டிசிபி 53 திறந்துதான் இருக்கிறது, கடிகாரமும் சரி. ப்ராபகேஷன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

---

போர்ட்53 | 19 ஜூன், காலை 11.05

இரண்டிலும் எஸ்ஓஏ கேட்டு, சீரியலை இங்கே போடுங்கள்.

---

கரூர்_ஹோஸ்ட் | 19 ஜூன், காலை 11.15

என்எஸ்1: 2025061802
என்எஸ்2: 2052061801

ஐயோ. தேதியை வைத்து எழுதும் எண்ணில் 2025-க்குப் பதில் 2052 என்று அடித்திருக்கிறேன். நேற்று அதைக் கவனித்துத் திருத்திவிட்டேனே!

---

போர்ட்53 | 19 ஜூன், காலை 11.40

நீங்கள் திருத்துவதற்குள் அது இழுத்துவிட்டது. செகண்டரியைப் பொறுத்தவரை தன்னிடம் இருப்பதுதான் புதுசு, உங்களிடம் இருப்பது 27 வருடப் பழசு. 2052 ஜூன் வரை காத்திருந்தால் தானாகச் சரியாகும்.

அவசரம் என்றால், செகண்டரி உங்கள் கையிலேயே இருப்பதால் சுலபம். அங்கே ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் என்று அடித்து டொமைன் பெயரைக் கொடுங்கள், சீரியலைப் பார்க்காமல் முழுசாக இழுத்துக்கொள்ளும்.

செகண்டரி அடுத்தவர் கையில் இருந்தால் வேறு வழி. சீரியல் 32 பிட் எண், 4294967295-ஐத் தாண்டினால் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், வட்டம் மாதிரி. வட்டத்தில் பாதி தூரத்துக்குள் முன்னால் இருப்பதெல்லாம் "பெரியது". ஆகவே தப்பான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டுங்கள். உங்கள் கணக்கில் 4199545448 வரும். அதைப் போட்டு, எல்லாச் செகண்டரியும் வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகு, உங்களுக்கு வேண்டிய 2025061803-ஐப் போடுங்கள். வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டதால் இப்போது அது பெரிய எண்ணாகத் தெரியும், எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் பேனலில் மட்டும் திருத்துங்கள். கையால் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் நேம்டு-செக்ஜோன். அது 2052-ஐப் பிடிக்காது, ஆனால் விட்டுப்போன அடைப்புக்குறியைப் பிடிக்கும்.

இன்னொன்று, இன்றே செய்யுங்கள்: ஒவ்வொரு டொமைனுக்கும் இரண்டு சர்வரிடமும் சீரியல் கேட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபட்டால் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வைப்பது). பத்துப் பன்னிரண்டு வரிதான். மூன்றாவது ஒரு இடத்திலிருந்து ஓடட்டும், உங்கள் வீட்டு லேப்டாப் ஆனாலும் சரி. திருச்சியில் எங்களிடம் இந்தப் பன்னிரண்டு வரி இல்லை.

---

வலைக்காரன் | 19 ஜூன், மதியம் 1.20

இதைப் படித்துவிட்டு என் இரண்டு நேம்சர்வரிலும் சீரியல் கேட்டுப் பார்த்தேன். 31 டொமைனில் ஆறு வேறுபடுகிறது. நான் எதுவும் சொல்லவில்லை, போய்விட்டு வருகிறேன்.

---

கரூர்_ஹோஸ்ட் | 22 ஜூன், ஞாயிறு காலை 7.30

ரீட்ரான்ஸ்ஃபர் வேலை செய்தது அக்கா. ஸ்கிரிப்டும் ஓடுகிறது. பதிவாளர் பேனலிலும் ஐபி மாற்றி நான்கு நாள் ஆகிறது.

இன்று காலை ஆறு மணிக்கு யாரும் எழுவதற்குள் தைரியமாக ஒரு வேலை செய்தேன். மும்பை மெஷினில் பைண்டை மட்டும் நிறுத்திவிட்டு, மனைவி போனில் மொபைல் டேட்டாவில் ஒவ்வொரு டொமைனாகத் திறந்து பார்த்தேன். கேஷில் இருந்து வரக்கூடாது என்று, இதுவரை அந்தப் போனில் திறக்காத பஸ் பாடி கம்பெனிகளாகப் பார்த்து எடுத்தேன். எல்லாம் திறந்தது. ஜெர்மனிக்காரருக்குப் பதில் அனுப்ப வேண்டிய அந்த வாடிக்கையாளர் டொமைனுக்கு ஜிமெயிலிலிருந்து ஒரு மெயில் போட்டேன், போய்ச் சேர்ந்தது. ஆறு முதல் இப்போது வரை ஒரு போன்கூட இல்லை.

---

போர்ட்53 | 22 ஜூன், காலை 8.05

நல்லது தம்பி. சோதனை முடிந்ததும் என்எஸ்1-இல் பைண்டைத் திரும்ப ஸ்டார்ட் செய்தீர்கள்தானே?

---

கரூர்_ஹோஸ்ட் | 22 ஜூன், காலை 8.07

இப்போதுதான் செய்தேன்.